கட்டளை இல்லாமலே திறந்த மடை: லிடில் குடும்பத்தின் ரத்த அழுத்தம்

1960-களின் தொடக்கம். அமெரிக்காவின் டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரம். அங்கிருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் 16 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். அந்த வயதில் யாருக்கும் இருக்கக்கூடாத அளவுக்கு ரத்த அழுத்தம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. விசாரித்தால், கூடப்பிறந்தவர்களுக்கும் இதே கதை.

அன்றைக்கு இந்தக் குறிப்பைப் படிக்கும் எந்த மருத்துவரும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்: கான் நோய். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான் 1955-இல் விவரித்தது அது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி. அது ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனைக் கணக்கில்லாமல் சுரக்கிறது. உடம்பில் உப்பு தேங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, அழுத்தம் ஏறுகிறது. கட்டியை வெட்டி எடுத்தால் பல பேருக்குச் சரியாகிவிடும். ரத்த அழுத்தத்துக்கு ‘குணமாகும்’ என்ற சொல்லையே பயன்படுத்த முடியாத காலத்தில் இது பெரிய செய்தி. ஆகவே இப்படி ஒரு நோயாளி கிடைத்தால் மருத்துவர்கள் ஆவலோடு ஆல்டோஸ்டிரோனை அளப்பார்கள்.

அந்தப் பெண்ணைப் பார்த்த வாண்டர்பில்ட் மருத்துவர் கிராண்ட் லிடிலும் அளந்தார். ஆல்டோஸ்டிரோன் கிட்டத்தட்ட இல்லை.

லிடில் நாளமில்லாச் சுரப்பித் துறையில் சாதாரண ஆள் இல்லை. கார்ட்டிசால் ஹார்மோன் மிகையாகும் குஷிங் நோயைக் கண்டறிய டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஆல்டோஸ்டிரோனை எதிர்க்கும் மருந்துகளைப் பற்றி அவரே ஆராய்ந்து எழுதியிருந்தார். எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக ‘ஆய்வகத் தவறு’ என்று தாளை ஒதுக்கி வைக்காமல், அந்தக் குடும்பத்தையே தொடர்ந்து ஆராய்ந்தார். நோய்க்கு ‘லிடில் நோய்’ என்று அவர் பெயரே நிலைத்தது; இங்கே ‘லிடில் குடும்பம்’ என்பது அவர் ஆராய்ந்த இந்தக் குடும்பத்தைத்தான். 1963-இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்: ஆல்டோஸ்டிரோன் மிகையைப் போலவே தோன்றும், ஆனால் ஆல்டோஸ்டிரோன் சுரப்பு சொற்பமாகவே உள்ள, குடும்பவழிச் சிறுநீரகக் கோளாறு. ‘சிறுநீரக’ என்ற அந்த ஒரு சொல்லை அவர் எந்தத் துணிச்சலில் போட்டார் என்பதே இந்த ஆய்வின் மையம். அது சரிதான் என்று நிரூபணமாக 31 ஆண்டுகள் ஆயின.

உப்புக் கணக்கு

கொஞ்சம் உடலியல் பார்த்துவிடுவோம். இது தெரியாமல் மேற்கொண்டு நகர முடியாது.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் சோடியத்தைச் சாப்பாட்டு உப்பாக மாற்றிக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். நாம் சாப்பிடுவதோ பத்து கிராம் சொச்சம். வடிகட்டியதில் 99 விழுக்காட்டுக்கும் மேல் திரும்ப ரத்தத்துக்கே போய்விட வேண்டும். இல்லையென்றால் ஒரே நாளில் ஆள் வற்றிப்போவான். இந்த மீட்பு வேலையில் பெரும்பகுதி சிறுநீரக நுண்குழலின் முன்பாதியிலேயே முடிந்துவிடுகிறது. கடைசிக் கட்டத்தில், சிறுநீர் வெளியேறப் போகும் சேகரிப்புக் குழலில், மிச்சமிருப்பது சில விழுக்காடுதான். ஆனால் ‘இன்றைக்கு எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு விடலாம்’ என்ற முடிவு எடுக்கப்படும் இடம் அதுவே. கண்மாய் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகுமா என்பதை அந்த ஒரு மடைதான் தீர்மானிக்கிறது இல்லையா, அது மாதிரி.

மடையைத் திறக்கச் சொல்லும் கட்டளை சிறுநீரகத்திலிருந்தே புறப்படுகிறது. வடிகட்டிக்குள் நுழையும் சிறு தமனியின் சுவரில் சில செல்கள் உள்ளன. அழுத்தம் குறைந்தாலோ, குழலுக்குள் வரும் உப்பு குறைந்தாலோ, பரிவு நரம்பு தூண்டினாலோ அவை ரெனினைச் சுரக்கின்றன. கறாராகச் சொன்னால் ரெனின் ஒரு நொதி. ஆனாலும் சிறுநீரக ஹார்மோன் என்று சொல்லும் பழக்கம் நிலைத்துவிட்டது. இது கல்லீரலிலிருந்து வரும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற நீளமான புரதத்தின் நுனியில் பத்து அமினோ அமிலங்களை வெட்டித் தருகிறது. நுரையீரலிலும் பிற இடங்களிலும் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஏ.சி.இ. என்ற இன்னொரு நொதி அதிலிருந்து இரண்டைக் கழற்றிவிட, எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 பிறக்கிறது. அது ரத்தக்குழாய்களை இறுக்குகிறது; அட்ரினலிடம் ஆல்டோஸ்டிரோன் கேட்கிறது. ஆல்டோஸ்டிரோன் சேகரிப்புக் குழலின் செல்களுக்குள் போய் அதற்குரிய ஏற்பியில் பொருந்தி, சோடியம் மடைகளைக் கூடுதலாகத் திறந்து வைக்கச் சொல்கிறது. சோடியம் உள்ளே போகும்போது குழலுக்குள் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அந்த இழுப்பில் பொட்டாசியமும் ஹைட்ரஜனும் வெளியே வருகின்றன. பொட்டாசியம் குறைவதும் ரத்தம் காரமாவதும் இதனால்தான். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் ‘மடை அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது’ என்று பொருள்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு மரபணு உண்டு. ரெனினுக்கும் ஆஞ்சியோடென்சினோஜனுக்கும் 1-ஆவது குரோமோசோமில், ஏ.சி.இ.க்கு 17-இல், ஆல்டோஸ்டிரோனை உருவாக்கும் நொதிக்கு 8-இல், கடைசி மடையின் மூன்று துண்டுகளில் ஒன்றுக்கு 12-இல், மற்ற இரண்டுக்கும் 16-இல். லிடில் காலத்தில் இந்தப் பட்டியல் யாரிடமும் கிடையாது. அவர் கையில் இருந்தவை சிறுநீர்ச் சோதனைகளும் இரண்டு மாத்திரைகளும்தான்.

இரண்டு மாத்திரைகள்

முதல் மாத்திரை ஸ்பைரோனோலாக்டோன். ஆல்டோஸ்டிரோன் போய் உட்கார வேண்டிய ஏற்பியில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆல்டோஸ்டிரோன் மட்டும் அல்ல, அதே ஏற்பியைப் பயன்படுத்தும் வேறெந்த ஸ்டீராய்டு வந்தாலும் இடம் கிடைக்காது. இதை இந்தக் குடும்பத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை.

இரண்டாவது டிரையம்டெரீன். இது ஹார்மோனோடு மோதுவதில்லை. ஏற்பி எப்படி இருந்தாலும், ஆல்டோஸ்டிரோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழல் செல் சோடியத்தை உள்ளே இழுப்பதையே நேரடியாகத் தடுக்கிறது. இதைக் கொடுத்து, சாப்பாட்டில் உப்பையும் குறைத்ததும் அழுத்தம் இறங்கியது, பொட்டாசியம் ஏறியது.

என்னைக் கேட்டால், மரபணு ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் நடந்த மிக அழகான மரபணு ஆய்வு இதுதான். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் இந்த ஒப்பீட்டின் கூர்மை புரியும். ஆல்டோஸ்டிரோன் இல்லை என்றதும் எவருக்கும் முதலில் தோன்றுவது, ‘அப்படியானால் நமக்கு இன்னும் பெயர் தெரியாத வேறொரு ஹார்மோன் இதைச் செய்கிறது’ என்பது. நியாயமான ஐயம். ஆனால் அப்படி ஒன்று இருந்து, அது ஆல்டோஸ்டிரோனின் ஏற்பி வழியாகத்தானே வேலை செய்ய வேண்டும்? அந்த வழியை ஸ்பைரோனோலாக்டோன் அடைத்தும் ஒன்றும் மாறவில்லையே. ஆக, கட்டளை எங்கிருந்தும் வரவில்லை. கட்டளையைப் பெறும் இடத்துக்கும் கீழே, மடையிலேயே கோளாறு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இந்த வழக்கில் எய்தவன் என்று ஒருவனே இல்லை, அம்பு தானாகவே பாய்ந்திருக்கிறது. அம்பைத்தான் நோக வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. ஆல்டோஸ்டிரோன் குறைவு, பொட்டாசியம் குறைவு, அழுத்தம் அதிகம் என்ற இதே மூன்றும் சேர்ந்து வர இன்னொரு வழி இருக்கிறது. அது நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே கிடக்கிறது: அதிமதுரம். நம் உடம்பில் சாதாரணமாகச் சுற்றும் கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியில் பொருந்தக்கூடியதே. அளவிலும் மிக அதிகம். அது போய் உட்கார்ந்துவிடாதபடி குழல் செல்லுக்குள் ஒரு நொதி காவல் இருந்து கார்ட்டிசாலைச் செயலிழக்க வைக்கிறது. அதிமதுரத்தின் கிளைசிரைசின் அந்தக் காவலைத் தூங்கவைத்துவிடும். தொண்டைக்கு இதமாக எப்போதாவது ஒரு துண்டைச் சுவைப்பதில் அஞ்ச ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் தினமும் கஷாயமாகவோ பொடியாகவோ எடுப்பவர்களுக்குத்தான் இது. அந்த நொதியின் மரபணுவே பழுதாகிப் பிறப்பவர்களும் அரிதாக உண்டு. ஆனால் இந்த இரு வகையினருக்கும் ஸ்பைரோனோலாக்டோன் கைகொடுக்கும், ஏனென்றால் அங்கே கோளாறு ஏற்பி வழியாகவே நடக்கிறது. லிடில் குடும்பத்துக்கு அது கைகொடுக்கவில்லை என்பதன் எடை இப்போது இன்னும் கூடுகிறது.

ரெனினின் மௌனம்

ரெனினுக்கு வருவோம். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டைகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் இருவரும் 1898-இல் இதை வெளியிட்டார்கள். முயலின் சிறுநீரகத்தை அரைத்து வடித்த சாற்றை வேறு முயல்களுக்கு ஏற்றினால் அழுத்தம் உயர்ந்தது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934-இல் கிளீவ்லாந்தின் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெரித்து நிலையான உயர் அழுத்தத்தை வரவழைத்துக் காட்டிய பிறகே ரெனினுக்கு மறுவாழ்வு. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு குழுவும் அர்ஜென்டினாவில் ஒரு குழுவும் ஒரே பொருளைத் தனித்தனியாகக் கண்டெடுத்து, அமெரிக்கர்கள் ‘ஆஞ்சியோடோனின்’ என்றும் அர்ஜென்டினாக்காரர்கள் ‘ஹைபர்டென்சின்’ என்றும் பெயரிட்டார்கள். 1958-இல் சமாதானமாகி இரண்டு பெயரையும் பாதி பாதி ஒட்டியதில் வந்ததுதான் ஆஞ்சியோடென்சின்.

இந்த வரலாற்றின் பின்விளைவாக ஒரு மனப்பழக்கம் உண்டாயிற்று: சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றுகிறது என்றால் ரெனினைக் கொண்டுதான் ஏற்றும். ரெனின் அதிகம் என்றால் சிறுநீரகம் குற்றவாளி, ரெனின் குறைவு என்றால் சிறுநீரகம் நிரபராதி. லிடில் குடும்பம் இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. இந்நோயில் ரெனின் அடிமட்டத்தில் கிடக்கிறது. மடை எப்போதும் திறந்திருப்பதால் உடம்பில் உப்பும் நீரும் நிரம்பி வழிகின்றன. ரெனின் செல்கள் அதை உணர்ந்து வாயை மூடிக்கொள்கின்றன. ரெனின் இல்லாததால் ஆஞ்சியோடென்சின் இல்லை, அதனால் ஆல்டோஸ்டிரோனும் இல்லை. ஹார்மோன் மரபணுக்கள் எல்லாமே பழுதில்லாமல் இருக்கின்றன. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்து அடங்கியும் இருக்கின்றன. அவை அடங்கியிருந்தும் அழுத்தம் இறங்கவில்லை என்பதே கோளாறு அவற்றுக்குக் கீழே இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ரத்த அழுத்த நோயாளியின் ரெனின் அளவைப் படிக்கும்போது இந்த ஒன்றை நினைவில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். குறைந்த ரெனின் என்பது வெற்றுத் தாள் அல்ல. அழுத்தம் இவ்வளவு உயர்ந்திருக்கும்போது ரெனின் குறைந்திருப்பது நியாயம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது ‘உப்பு நிரம்பிவிட்டது’ என்ற புகார் மனு. நியூயார்க்கின் ஜான் லாராவும் அவர் குழுவினரும் 1970-களிலிருந்து நோயாளிகளை ரெனின் அளவு பார்த்து வகைப்படுத்தியது இந்த அடிப்படையில்தான். குறைந்தால் உப்பு நீர்த் தேக்கம், கூடினால் குழாய் இறுக்கம் என்று. எல்லா நோயாளியையும் இந்த இரண்டு பெட்டிக்குள் அடைத்துவிட முடியாது என்றாலும் மருந்து தேர்வுக்கு அது இன்றும் உதவுகிறது.

மாற்றிய சிறுநீரகம்

நாஷ்வில்லில் பார்த்த பெண்ணுக்கு ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்தது. இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் 1989-இல் அவருக்குப் பொருத்தப்பட்டது. லிடில் காலமானதும் அதே ஆண்டில்தான்.

மாற்றுச் சிறுநீரகம் வந்த பிறகு அவருடைய ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் இயல்புக்கு வந்தன. சாதாரணமாக இது நடப்பதில்லை. மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கும் மருந்துகளில் சில அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. முன்பு அழுத்தமே இல்லாதவர்கள்கூடப் பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்குப் போவதுண்டு. இதைவிட முக்கியம்: உப்பைக் குறைத்துப் பார்த்தபோது ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் மற்றவர்களுக்கு உயர்வதுபோலவே உயர்ந்தன. அட்ரினல் பழையதுதான், கல்லீரல் பழையதுதான், நரம்புகள் பழையவைதான். புதிது சிறுநீரகம் மட்டுமே. வாழ்நாள் முழுக்க அடங்கிக் கிடந்த ஹார்மோன் சங்கிலி, ஒழுங்கான மடை கிடைத்தவுடன் எழுந்து வேலை பார்க்கிறது. 1963 கட்டுரைத் தலைப்பின் ‘சிறுநீரக’ என்ற சொல் இங்கே உறுதியாகிறது.

இதை 1994-இல் விரிவாக வெளியிட்டவர்கள் அலபாமா மாநிலம் பர்மிங்காமில் இருந்த டேவிட் வார்னாக், ஜான் கர்ட்டிஸ் உள்ளிட்ட குழுவினர். கர்ட்டிஸின் பெயர் இங்கே தற்செயல் அல்ல. உயர் அழுத்தத்தாலேயே சிறுநீரகம் கெட்டுப்போன கறுப்பின நோயாளிகள் ஆறு பேருக்குச் சிறுநீரகம் மாற்றியபின் அழுத்தம் இயல்பாகி, ஆண்டுக்கணக்கில் அப்படியே நீடித்ததை 1983-இல் வெளியிட்டவரும் அவரே. எலிகளில் இதற்கு முன்பே பார்த்திருந்தார்கள்: உயர் அழுத்த வம்ச எலியின் சிறுநீரகத்தை இயல்பான எலிக்கு வைத்தால் அழுத்தமும் கூடவே போகும், மறுதலையாக வைத்தால் அழுத்தம் இறங்கும்.

564-ஆவது இடம்

அந்தச் சமயத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டன் ஒரு பிடிவாதத்தோடு இருந்தார். கோடிக்கணக்கானவர்களுக்கு வரும் ரத்த அழுத்தத்தின் மரபணுவை நேரடியாகத் தேடினால் கிடைக்காது. ஒரே மரபணுவால் அழுத்தம் எகிறும் அரிய குடும்பங்களைத் தேடு என்பது அவர் வழி. 1992-இல் அது பலித்திருந்தது. ஸ்டீராய்டு மாத்திரைக்கு அடங்கும் ஒரு வகை ஆல்டோஸ்டிரோன் மிகை குடும்பங்களில் வரும். அதில் 8-ஆவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களான இரண்டு மரபணுக்கள் தவறாக வெட்டி ஒட்டப்பட்டு, கார்ட்டிசாலுக்கான சுவிட்ச் ஆல்டோஸ்டிரோன் மரபணுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஹார்மோன் மரபணுவே குற்றவாளி. லிடில் குடும்பத்தில் அப்படி இருக்க முடியாது என்பது முன்பே தெரிந்தது.

அப்போது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பெர்னார்ட் ரோசியே குழுவினர், முக்கியமாக செசிலியா கனெஸா, குழல் செல்லின் சோடியம் மடையை மூலக்கூறாகப் பிடித்துவிட்டார்கள். எலியின் பெருங்குடலிலிருந்து மரபணுச் செய்திகளை எடுத்துத் தவளை முட்டைக்குள் செலுத்தி, எந்த முட்டை சோடியம் மின்னோட்டம் காட்டுகிறது என்று சலித்துச் சலித்துக் கண்டது அது. மடைக்கு மூன்று துண்டுகள்: ஆல்பா, பீட்டா, காமா. டிரையம்டெரீனும் அதன் உறவுக்கார மருந்தான அமிலோரைடும் அடைப்பது இதே மடையைத்தான். குற்றம் நடந்த இடம், சந்தேகத்துக்குரிய ஆள், இரண்டும் இப்போது ஒரே முகவரியில்.

வார்னாக் வழியாக லிடிலின் மூலக் குடும்பத்தின் ரத்த மாதிரிகள் யேலுக்குப் போயின. 1994-லேயே முடிவு வந்தது. 16-ஆவது குரோமோசோமில் பீட்டா துண்டின் மரபணு, குடும்பத்தில் நோய் போன பாதையோடு பிசகாமல் ஒட்டிப் போயிற்று. எழுத்து எழுத்தாகப் படித்தபோது, 564-ஆவது அமினோ அமிலத்துக்கான குறியீட்டில் ஒரே எழுத்து மாறி அது ‘நிறுத்து’ என்ற குறியாகியிருந்தது. புரதத்துக்கு 640 அமினோ அமிலங்கள். வாலில் எழுபது சொச்சம் உருவாகவே இல்லை. வேறு நான்கு குடும்பங்களைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே வால் பகுதியில்தான் வெட்டு. அடுத்த ஆண்டு ஒரு குடும்பத்தில் காமா துண்டின் வால் அறுந்திருப்பது தெரிந்தது.

வழக்கமாக ஒரு மரபணுவில் ‘நிறுத்து’ விழுந்தால் அந்தப் புரதம் செயலிழக்கும். இங்கே வால் போனதும் மடை கூடுதலாக வேலை செய்கிறது. அப்படியானால் வாலின் வேலை என்ன? பிரேக் போடுவது. கனடாவின் டொரோண்டோவில் டேனியலா ரோட்டின் குழு 1996-இல் விடையைக் கொண்டுவந்தது. வாலில் புரோலினும் டைரோசினும் அடங்கிய சிறு அடையாளம் ஒன்று உண்டு. நெட்4 என்ற புரதம் அதைப் பிடித்து, மடையின் மேல் யுபிக்விட்டின் என்ற சீட்டை ஒட்டும். சீட்டு ஒட்டிய மடையைச் செல் தன் மேற்பரப்பிலிருந்து கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பிவிடும். வால் இல்லையென்றால் பிடிக்க இடம் இல்லை, சீட்டும் இல்லை. பழைய மடைகள் மேற்பரப்பிலேயே நின்று உப்பை இழுத்துக்கொண்டிருக்கும். முழு வாலும் போக வேண்டும் என்றில்லை. அந்தச் சிறு அடையாளத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே போதும் என்பதைச் சில குடும்பங்கள் காட்டின.

பிறகு தெரிந்த ஒரு விஷயம் இந்த வழக்கை முழுமையாக்குகிறது. ஆல்டோஸ்டிரோன் இயல்பான மனிதரிடம் மடைகளை எப்படிக் கூட்டுகிறது? அது செல்லுக்குள் எஸ்.ஜி.கே.1 என்ற நொதியை உருவாக்கச் சொல்கிறது. அந்த நொதி நெட்4-இன் கையைக் கட்டிப்போடுகிறது. கை கட்டப்பட்டதும் மடைகள் கழற்றப்படாமல் நிற்கின்றன. அதாவது ஹார்மோன் செய்கிற கடைசி வேலைகளில் ஒன்று பிரேக்கைத் தளர்த்துவது. லிடில் குடும்பத்தில் பிறக்கும்போதே பிரேக் கம்பி அறுந்திருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் மிகையும் லிடில் நோயும் வெளித்தோற்றத்தில் ஏன் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்துச் சாட்சிகள்

ஒரு மரபணு கூடினால் அழுத்தம் ஏறுகிறது என்றால், குறைந்தால் இறங்க வேண்டும். 1996-இல் லிஃப்டன் குழுவே அதையும் காட்டியது. இதே சோடியம் மடை இரு பெற்றோர் வழியிலும் பழுதாகப் பிறக்கும் குழந்தைகள், பிறந்த சில நாட்களிலேயே உப்பை இழந்து துவள்கிறார்கள். பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது. ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் உச்சத்தில் கூவுகின்றன, கேட்பார் இல்லை.

ஹார்மோன் மரபணுக்களே இல்லாமல் போனால்? 2005-இல் பிரான்ஸைச் சேர்ந்த குழு ஒன்று வெளியிட்டது துயரமான பட்டியல். ரெனின், ஆஞ்சியோடென்சினோஜன், ஏ.சி.இ., ஆஞ்சியோடென்சின் ஏற்பி ஆகிய நான்கில் எந்த ஒன்றின் இரு பிரதிகளும் கெட்டாலும் விளைவு ஒன்றே: கருவின் சிறுநீரக நுண்குழல்கள் சரியாக உருவாவதில்லை, பனிக்குட நீர் வற்றுகிறது, பிறந்த குழந்தையின் அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த முடிவதில்லை. பெரும்பாலும் பிழைப்பதில்லை. ‘ப்ரில்’ என்றோ ‘சார்ட்டன்’ என்றோ முடியும் பிரஷர் மாத்திரைகளைக் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பதன் காரணமும் இதே வழிதான். அந்த மாத்திரைகள் கருவில் அதே மரபணுக்களின் வேலையை மருந்தால் நிறுத்துகின்றன. கரு உண்டாகும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு இவற்றை எழுதும்போது இதைச் சொல்லித்தான் எழுத வேண்டும்.

இனி, நம்மைப் போன்றவர்களின் சாதாரண ரத்த அழுத்தம். இங்கே கதை இவ்வளவு பளிச்சென்று இல்லை. 1992-இல் யூட்டாவிலும் பாரிஸிலும் எடுத்த குடும்பங்களில் ஆஞ்சியோடென்சினோஜன் மரபணுவின் ஒரு வடிவம் உயர் அழுத்தத்தோடு சேர்ந்து வருவதாகக் கண்டார்கள். 1995-இல் வட கரோலினாவில் ஆலிவர் ஸ்மித்தீஸ் குழு எலிகளுக்கு அந்த மரபணுவின் பிரதிகளை ஒன்றுமில்லாததிலிருந்து நான்கு வரை கொடுத்துப் பார்த்தது. ஒரு பிரதி கூடினால் சுமார் 8 மி.மீ. அழுத்தம் கூடியது. எலியில் படிக்கட்டு போல் வரும் கணக்கு மனிதரில் அப்படி வருவதில்லை. அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் இன்று ஆயிரத்துக்கும் மேல் தெரியும். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. மரபணுச் சோதனை ஒன்றை வாங்கி ‘எனக்கு பிரஷர் வருமா’ என்று பார்க்கலாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆனால் லிஃப்டனின் பிடிவாதம் பொய்க்கவுமில்லை. 2008-இல் அவர் குழு, அமெரிக்காவின் பிரேமிங்காம் நகர மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவரும் பிரேமிங்காம் இதய ஆய்வில் இருந்த 3,125 பேரிடம் சிறுநீரகம் உப்பை மீட்கும் மூன்று மரபணுக்களைப் படித்தது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் நோயாளிகள் அல்ல, வெளியே தெரியவும் மாட்டார்கள். அவர்களுக்கு அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதுவரை பிரித்தெடுத்த ஒற்றை மரபணு அழுத்த நோய்களில் பெரும்பாலானவை, ஹார்மோனில் தொடங்கினாலும் ஏற்பியில் தொடங்கினாலும், சிறுநீரகம் உப்பை எவ்வளவு வைத்துக்கொள்கிறது என்ற ஒரே இடத்தில் வந்து முடிவது கவனிக்கத்தக்கது.

மருத்துவமனை மேசையில்

இளம் வயதில் அழுத்தம், குடும்பத்தில் ஒரு தலைமுறை விடாமல் அழுத்தமோ பக்கவாதமோ, பொட்டாசியம் குறைவு. இந்த மூன்றும் ஒரே கோப்பில் இருந்தால் ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் சேர்த்து அளப்பது பயனுள்ளது. ஆல்டோஸ்டிரோன் கூடி ரெனின் குறைந்தால் அட்ரினலைப் பார்க்க வேண்டும். இரண்டுமே கூடினால் சிறுநீரகத் தமனியில் சுருக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே குறைந்தால்தான் லிடில், அல்லது அந்தக் காவல் நொதி, அல்லது அதிமதுரம். பொட்டாசியம் சரியாக இருந்துவிட்டால் லிடில் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. மரபணு மாற்றம் இருந்தும் பொட்டாசியம் குறையாதவர்கள் உண்டு.

அளப்பதற்கு முன் நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காவிட்டால் எல்லாம் வீண். பீட்டா தடுப்பான்களும் வலி மாத்திரைகளும் ரெனினை இறக்கிக் காட்டும். நீர் மாத்திரைகளும் ‘ப்ரில்’, ‘சார்ட்டன்’ வகைகளும் ஏற்றிக் காட்டும். நோய் உறுதியானால், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் குடும்பத்தில் சின்னவர்களின் அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும்.

மருந்து அமிலோரைடோ டிரையம்டெரீனோதான். ஸ்பைரோனோலாக்டோனை எவ்வளவு கூட்டினாலும் பயன் கிடையாது. இந்த மருந்துகள் மடையைச் சிறுநீர்ப் பக்கத்திலிருந்து அடைக்கின்றன. குழலுக்குள் சோடியம் வெள்ளமாக வந்தால் அவற்றின் பிடி தளர்கிறது. அதனால் ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் நிறுத்தச் சொல்வது இந்த நோயாளிக்கு வெறும் புத்திமதி இல்லை, மாத்திரை வேலை செய்வதற்கான நிபந்தனை. லிடில் 1963-இல் எழுதி வைத்த சிகிச்சையும் இதுதான்: டிரையம்டெரீன், கூடவே உப்புக் குறைந்த சாப்பாடு.